மீன் டாக்டர் கைப்பட எழுதிய தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் கோடு போட்ட ஜோடி மீன் இரண்டும் செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, அந்தச் சிவப்பு இறாலும் போய்விட்டது. நீ போனில் கேட்டபோதெல்லாம் கடல்மீன் தொட்டியின் ஒரு ஓரத்தை மட்டும் காட்டிச் சமாளித்தேன், திட்டுவதானால் திட்டிக்கொள். நம் மஞ்சள் மீன் மஞ்சக்காரியும் கறுப்புப் பொடியனும் மட்டும் பிழைத்துக்கொண்டார்கள். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், நானும் அழுவேன், அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். மஞ்சக்காரியின் துடுப்பு ஓரத்தில் வெள்ளையாக ஒரு முடிச்சு வந்தது, பத்து நாளில் அது காலிஃபிளவர் பூ மாதிரி பொங்கிவிட்டது. பயந்துபோய் போட்டோ எடுத்துக்கொண்டு கடைவீதி மீன்கடைக்கு ஓடினேன், அதுதான் தன்னையே மீன் டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறானே, அவனிடம். போட்டோவை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெண்புள்ளி நோய்தாம்மா, இந்தச் செம்பு மருந்த ரெண்டு மடங்கா தொட்டியில ஊத்துங்க, எல்லாம் கொட்டிடும் என்றான். ஊற்றினேன். மறுநாளே இறால் செத்தது, மூன்றாம் நாள் ஜோடி இரண்டும் மல்லாந்து மிதந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நின்ற நிலையை உனக்கு எழுதப்போவதில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். கடை நிறைய ஆட்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வயசானவங்க கைக்குக் கடல் மீனெல்லாம் சரிப்படாதும்மா, பேசாம தங்கமீன் வாங்கி வளத்துக்கோங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அமிலத்தையும் காரத்தையும் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கிற கை இது. வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இவனை விடுவதில்லை என்று.

துடுப்பிலிருந்து ஒரு துணுக்கு தானாக உதிர்ந்தது. அதைப் பாட்டிலில் போட்டு எங்கள் உயிரியல் வாத்தியாரிடம் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக வீங்கிய செல்கள். இது புழு பூச்சி இல்லம்மா, வைரஸ், இதுக்கு மருந்தே கிடையாது, தண்ணியச் சுத்தமா வச்சு, நல்லா தீனி போட்டு, மீனப் பதறவிடாம பாத்துக்கிட்டா அதுவாவே உதிர்ந்துடும் என்றார். அதாவது அவன் கொடுத்த மருந்து எதற்கும் ஆகாது, கொல்வதற்கு மட்டும்தான் ஆகும். அன்றிலிருந்து முந்தின நாளே உப்பு கரைத்து வைத்து, தொட்டித் தண்ணீரின் சூடும் புதுத் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினேன். செம்பை உறிஞ்சக் கரித்தூள் பை போட்டேன். அவளைத் துரத்திக்கொண்டே இருந்த அந்தக் கறுப்புப் பொடியனை வாத்தியார் வீட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன். தீனியில் வைட்டமின் சொட்டு. நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார், கையைத் தட்டிவிட்டேன். ஒவ்வொரு வாளி தூக்கும்போதும் அவன் சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது, இடுப்பு வலி தெரியவே இல்லை. ஏழாவது வாரம் கடைசி முடிச்சும் விழுந்தது. துடுப்பில் சின்னதாக ஒரு பிசிறு, அவ்வளவுதான்.

இப்போது கேள். போன மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் மணி அடித்தது, திறந்தால் மீன் டாக்டர். கடை வாசலில் எல்லோரும் நின்று பார்க்கும்படி ஒரு பெரிய நீல மீன் வைத்திருப்பானே, அதற்கும் அதே காலிஃபிளவர். தன் மருந்தையே ஊற்றியிருக்கிறான், அது தீனி எடுப்பதையே நிறுத்திவிட்டதாம். வாத்தியார் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அப்பா நாற்காலியை இழுத்தார், முறைத்தேன், இழுத்த இடத்திலேயே விட்டுவிட்டார். தெரியாம சொல்லிட்டேம்மா, இது பிழைக்கணும், என்ன செய்யணும்னு சொல்லுங்க என்றான். தெரியாமல் இல்லை, நீ பார்க்காமல் சொன்னாய் என்றேன். பிறகு என் நிபந்தனையைச் சொன்னேன். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, பார்க்காமல் மருந்து கொடுத்து ஒரு அம்மாவின் மூன்று உயிர்களைக் கொன்றேன் என்று உன் கைப்பட எழுதி, மருந்து அலமாரிக்கு மேலே ஒட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என் முன்னால் சத்தமாகப் படி, அப்புறம் வழி சொல்கிறேன் என்று. அவன் முகம் செத்துவிட்டது. கடை நடக்காதும்மா என்றான். என் தொட்டியும்தான் நடக்கவில்லை என்றேன்.

படித்தான் கண்ணே. இரண்டாவது வரியில் குரல் கம்மிவிட்டது, கேக்கலை, சத்தமா என்றேன். அன்றைக்கும் கடை நிறைய ஆட்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்ன வாக்குப்படி அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன், மீன் என்ன பாவம் செய்தது. நேற்றுப் போனபோது அது மறுபடி தீனி எடுப்பதைப் பார்த்தேன். தாளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது, தானாகப் பெயர்ந்ததோ பெயர்த்தானோ, பையில் வைத்திருந்த பசையை எடுத்து நானே அழுத்தி ஒட்டினேன். அந்த நேரம் ஒரு சின்னப் பெண் மருந்து பாட்டிலை எடுத்தவள், தலைக்கு மேலே இருந்ததைப் படித்துவிட்டு மறுபடி அலமாரியிலேயே வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்பா, போதும்டி, மன்னிச்சு விட்டுடேன் என்கிறார். உன் ஜோடி மீன் திரும்பி வரட்டும், மன்னிக்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், நூறு வயது இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேனே, இந்த வாரமாவது போ, சாக்குச் சொல்லாதே. அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா