சித்திரைக்கு வந்த படமும் காய்ந்த வாய்க்காலும்

அக்கா,

இன்று பின்னேரம் கரண்ட் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வீட்டில் ஜெனரேற்றரை ஓடவிட்டார்கள். மண்ணெண்ணெய்ப் புகை மதிலுக்கு மேலால் என் குசினிக்குள் வந்தது. கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு வெளியே போய், மதிலோரத்து வாய்க்காலை எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இந்தப் புகை மணந்தால் நான் முதலில் வாய்க்காலைத்தான் பார்க்கிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் நீர்கொழும்பில் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து யாருக்காவது சொல்லவேண்டும் போல இருக்கிறது. உங்களுக்கே சொல்கிறேன்.

ஊர் உங்களைத் தியேட்டர்காரி என்றது. புருசன் போன பிறகு, துறைமுகத்துக்குப் போகிற றோட்டில் இருந்த அந்தப் படமாளிகையைத் தனியாக நடத்திய பொம்பிளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என்னைச் சாமியம்மா என்றார்கள். அது நீங்கள் வைத்த பெயர்தான், பிறகு ஒழுங்கை முழுக்கப் பரவியது. நான் படம் பார்ப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர், இவர், படத்துக்குப் போய்விட்டு வந்தபோது, தலை முழுகாமல் சாமியறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி ஏசிய கதை எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு வீட்டு வாசலுக்குப் போனால் அங்கே றேடியோ தணியும், கதை மாறும். அதை நான் எனக்குத் தருகிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவள் எப்படி உங்கள் படங்கள் ஓடுமா என்று சாத்திரம் சொல்லத் தொடங்கினேன் என்பது எனக்கே சிரிப்பு. கறிவேப்பிலை கேட்டுப் பின்படலையால் வந்தீர்கள் ஒருநாள். மெட்ராசில் மாதக்கணக்காக ஓடிய படம் இங்கே ஒரு கிழமைகூட நிற்கவில்லை என்று புறுபுறுத்தீர்கள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னேன்.

"அது அடிதடிப் படம், அக்கா. பெடியள் பாக்கிற படம். ஆமி சுற்றிவளைக்கிற இந்தக் காலத்திலை எந்தத் தாய் தன்ரை பெடியனை ஒரேயொரு வாசல் இருக்கிற இடத்திலை மூண்டு மணித்தியாலம் இருக்க விடுவாள்?"

கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். "படமே பாக்காமல் நீ படம் ஓட்டுறாய்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து படப்பெட்டி வருமுன்பே நீங்கள் வந்துவிடுவீர்கள். கதையைச் சொல்வீர்கள், நான் கேட்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுச் செலவை ஒவ்வொரு நாளும் எழுதி எழுதித்தான் கணக்குப் படித்தனான். அப்படி எழுதுகிறவளுக்கு ஊரின் நாடி பிடிபட்டுவிடும். துறைமுகத்தில் சம்பளம் எப்போது, கடலுக்குப் போகப் பாஸ் கொடுக்கிறார்களா, பெண்கள் எந்த விரதம் பிடிக்கிறார்கள், ஊரடங்கு எத்தனை மணிக்கு. இவற்றை வைத்துக்கொண்டு, இந்தப் படம் இத்தனை நாள் தாங்கும் என்பேன். பெரும்பாலும் தாங்கியது. "உன்ரை அம்மன் என்ன சொல்லுறா?" என்று கேட்பீர்கள். மாதாவைக் கும்பிடுகிற நீங்கள் எங்கள் அம்மனைப் பகிடிக்கு இழுக்கவேண்டாம் என்று ஏசுவேன். உள்ளுக்குள் எனக்கு அந்தக் கேள்வி சர்க்கரையாய் இனித்தது.

பிறகு அந்தப் பங்குனி வந்தது. கொழும்பிலிருந்த தியேட்டர் சொந்தக்காரர், வருசப் பிறப்பும் பள்ளிக்கூட லீவும் சேர்ந்த இந்தச் சித்திரையிலும் கூட்டம் இல்லையென்றால் இடத்தை அரிசிக் களஞ்சியத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். படமாளிகையின் பின்னறைதான் உங்கள் வீடு. அது போனால் உங்களுக்குத் திருகோணமலையில் தலை வைக்க இடம் இல்லை. இரண்டு படங்கள் இருந்தன, ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒன்று பெரிய நடிகரின் சண்டைப் படம். மற்றது ஒரு தாயின் கதை, நல்ல பாட்டுகள். நீங்கள் பெரிய நடிகரின் பக்கம் சாய்ந்தீர்கள். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் மலர் வீட்டுப் பக்கமிருந்து பின்னேரங்களில் இந்தப் புகை வந்தது. மலர் எனக்குப் பின்வீட்டுக்காரி, வாயாடி, நல்ல பிள்ளை. மதிலால் எட்டி, என்ன ஒரே மோட்டர் சத்தம் என்று கேட்டேன்.

"வருசம் வருகுதெல்லோ அக்கா, கிணறு இறைக்கிறம்," என்றாள்.

வருசத்துக்குக் கிணறு இறைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பும் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கிணற்றை இறைத்தால் தண்ணீர் என் மதிலோரத்து வாய்க்காலால்தான் றோட்டுக்குப் போகும். அந்த வாய்க்காலைக் காலையில் கூட்டுகிறவள் நான். வேப்பஞ்சருகு விழுந்த இடத்திலேயே கிடந்தது. கண்டேன். கண்டும் எனக்குள் ஒன்றும் ஓடவில்லை.

பிறகு கோயில் திருவிழா. ஊரடங்குக்கு முன் முடிக்கவேண்டும் என்று வெயில் தாழுமுன்பே அம்மன் வீதி சுற்றி வந்தா. கடைசி வீதியில் நாதசுரக்காரர் அந்தத் தாய்ப் படத்தின் பாட்டை எடுத்தார். என்னைச் சுற்றி நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பின்னால் மலர் சரணத்தைக்கூட விடாமல் பாடினாள். படம் இன்னும் ஊருக்கு வரவில்லை, அதற்குள் இந்த ஆசையா என்று நினைத்தேன். அம்மனுக்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு, மனதுக்குள் உங்கள் தியேட்டரின் வாங்கு வரிசைகளை ஒவ்வொன்றாக ஆட்களால் நிரப்பிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தச் சந்நிதியில் என் முகம் நிமிராது.

"கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ, அக்கா," என்று உங்களிடம் சொன்னேன். "வைகாசி வரைக்கும் ஓடும்."

நீங்கள் எடுத்தீர்கள்.

வருசத்துக்கு மறுநாள் முதல் காட்சி. உங்கள் ஒலிபெருக்கியின் பாட்டு என் வீடுவரை கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவேண்டிய சைக்கிள் மணிகளும் பெண்களின் சளசளப்பும் கேட்கவில்லை. ஊருக்குள் திரிகிற மான்கள்தான் வெயிலுக்கு ஒதுங்கி ரிக்கற் யன்னலுக்கு முன்னால் படுத்திருந்தன என்று பிறகு நீங்களே சொன்னீர்கள், "அதுகளும் உள்ளை வரேல்லை," என்று. அடுத்த நாளும் அப்படித்தான். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு மலர் வீட்டுக்குப் போனேன். நல்ல படமாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாரன் என்று, என் வாயால், நானே கேட்டேன். அவள் தட்டை வாங்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

"கோவிக்காதேங்கோ, அக்கா. நாங்கள் பாத்திட்டம். வீடியோ கொப்பி வந்தது. ஒழுங்கையிலை எல்லாரும் இஞ்சைதான் ஜெனரேற்றர் போட்டு இருந்து பாத்தவை." பிறகு மெதுவாக, "கிணறு இறைக்கேல்லை," என்றாள். "அண்ணையும் இருந்தவர்."

இவரும்.

அந்தத் தட்டோடு அப்படியே நடந்து உங்கள் தியேட்டருக்கு வந்தேன். அதுவரை அந்த வாசலை மிதிக்காதவள். பெண்கள் ரிக்கற் எடுக்கிற யன்னலுக்கு முன்னால் நின்று, கம்பியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பெண்களுக்குப் பாட்டுத் தெரிந்தது படத்துக்கு ஏங்கி அல்ல, படம் பார்த்து முடிந்ததால் என்று சொன்னேன். ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன்.

"அடியேய்," என்றீர்கள் கடைசியில், "உனக்குப் பயந்து ஒரு ஒழுங்கையே கிணறு இறைச்சிருக்கு."

சிரித்தீர்கள். கண் சிரிக்கவில்லை. பிறகு வெளியே வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினீர்கள். "வா, நீயாவது பார்," என்றீர்கள். இன்று வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அந்தப் பெரிய மண்டபத்தில் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். நீங்கள் எனக்குப் பக்கத்தில் இருந்து என் பலகாரத்தைச் சாப்பிட்டீர்கள். அந்தத் தாய், மகன் வருவான் என்று பஸ் தரிப்பில் காத்து நிற்கிற இடத்தில் நான் உடைந்துபோனேன். சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்து அடக்கியும் ஏலாமல் போனது.

"அழு," என்றீர்கள், திரையைப் பார்த்துக்கொண்டே. "இந்த வருசம் இஞ்சை அழுத ஆள் நீ ஒராள்தான்."

படம் முடிந்து வெளியே வந்தபோது சொன்னீர்கள், "உன்ரை கணக்குப் பிழைக்கேல்லை, பிள்ளை. நீ சொன்ன மாதிரிப் பொம்பிளையள் எல்லாரும் பாத்திருக்கினம். இஞ்சை பாக்கேல்லை, அவ்வளவுதான்."

இவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், சொல்லியிருந்தால் நீ அந்தச் சனத்தோடு முகம் கொடுத்துக் கதைத்திருக்கமாட்டாய் என்று. அது உண்மை. படம் ஓடாததைவிட அந்த உண்மைதான் என்னைக் குனிய வைத்தது. யாராவது ஒருத்தர் எனக்கு ஒரு சொல் சொல்லக்கூடிய மாதிரி நான் இருந்திருந்தால், நீங்கள் மற்றப் படத்தை எடுத்திருப்பீர்கள். அது ஓடியிருக்குமா என்பது வேறு கதை. அறிந்து எடுத்திருப்பீர்கள்.

வைகாசியில் மண்டபத்துக்குள் அரிசி மூட்டை ஏறியது. நீங்கள் தம்பி வீட்டுக்கென்று நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினீர்கள். வழியனுப்ப வந்த என்னிடம், கறிவேப்பிலைக்கு இனி எங்கே போவேன் என்று மட்டும் கேட்டீர்கள். சண்டை நின்ற காலத்தில் அங்கிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பினீர்கள், வருகிற சித்திரைக்கு எந்தப் படம் ஓடும் என்று சாமியம்மாவிடம் கேட்டு வரட்டாம். நீங்கள் என்னை மன்னித்ததை அப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தில் நான் பதில் அனுப்பவில்லை. அது இப்போது என் நெஞ்சில் கல்லாய்க் கிடக்கிறது.

இன்று வாய்க்காலைப் பார்த்த பிறகு நான் குசினிக்குத் திரும்பவில்லை. படலையைத் திறந்துகொண்டு பின்வீட்டுக்குப் போனேன். மலரின் மகள், அவளின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரு படத்துக்கு முன்னால் இருந்தார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் படத்தின் சத்தம் தணிந்தது.

"நிப்பாட்டாதை, பிள்ளை. நானும் பாக்க வந்தனான்," என்றேன்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்கள். இருந்தேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். ஆனால் முன்பு இருந்த அளவுக்கு இல்லை. அது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியும், குசினியில் இருந்து கேட்டவள்தானே.

"இன்னும் கொஞ்சம் கூட்டு, பிள்ளை," என்றேன்.