மூட்டைக்குள் மீன் குடல்

இன்று காலை திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் யாருடைய கூடையிலிருந்தோ மீன் கழுவிய தண்ணீர் வழிந்து என் காலடிக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு முகம் சுளித்தார்கள். நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். உன் கொல்லையில் நாம் மூட்டையைப் பிரித்த அந்தக் காலை கண்முன் வந்துவிட்டது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

உன் மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் அவளுடைய வில் உன் வீட்டுப் பரணில் கிடந்தது. ஐந்து வருடம் அவளைத் தஞ்சாவூருக்கு வில்வித்தைப் பயிற்சிக்கு அழைத்துப் போய், மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. ஒரு நாள் என் தையல் கடைக்கு வந்து, "நானும் அம்பு விட்டுப் பாக்கப் போறேன்டி, சிரிக்காத" என்றாய். நான் சிரித்தேன். உனக்கு நாற்பத்தொரு வயது. கணவர் போய் மூன்று வருடம்.

அம்புக்குக் குறியாக முதலில் உரச்சாக்கில் வைக்கோலைத் திணித்தோம். முதல் அம்பே அதைத் துளைத்துக்கொண்டு போய் மதிலில் மோதி வளைந்தது. வைக்கோலை இறுக்கிக் கட்டிப் பார்த்தோம். இரண்டு மழையில் கறுத்துப் பூசணம் பிடித்து, எலி அதில் குட்டி போட்டது. பிறகுதான் என் கடையில் குவிந்து கிடந்த வெட்டுத்துணி உன் கண்ணில் பட்டது. ரவிக்கைத் துண்டு, லைனிங், கிழிந்த புடவை எல்லாவற்றையும் சணல் சாக்கில் நான் போடப் போட, நீ மேலே ஏறி மிதித்தாய். சாக்கின் வாயைக் கோணியூசியால் தைத்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து நடுவில் வட்டம் வரைந்தாய். மதிலுக்கு முன்னால் இரண்டு மூங்கில் நட்டுத் தொங்கவிட்டோம். அம்பு 'தொப்'பென்று இறங்கி நின்றது. இரண்டு விரலால் இழுத்தால் வந்தது.

"பாத்தியாடி, நம்ம தெரு ரவிக்கையெல்லாம் சேந்து அம்ப நிறுத்துது!"

உன் கொழுந்தனுக்குத்தான் பொறுக்கவில்லை. கொல்லைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. என் கடை இருந்த இடமும் அவருடையதுதான். "அண்ணன் போனப்புறம் இதுக்கு இந்த ஆட்டம் கேக்குதா" என்று உன் காதில் விழும்படி தெருவில் நின்று சொல்வார். நீ பாட்டுக்கு அடுத்த அம்பை எடுத்து நாணில் பொருத்துவாய்.

நீ பெயர் கொடுத்திருந்த தஞ்சாவூர்ப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மகளைப் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்து ஊர் திரும்பினாய். கொல்லையில் நிற்க முடியவில்லை. அப்படி ஒரு நாற்றம். மூட்டையின் பின்பக்கத் தையல் பிரிந்திருந்தது. மீதியை நான் கத்தரியால் வெட்டினேன். துணிக்கு நடுவே மீன் குடல், செவுள், தலைகள். வெயிலில் வெந்து கூழாகியிருந்தன. ஒரு சிவப்பு ரவிக்கைத் துண்டு சிவப்பே தெரியாமல் புழு மொய்த்து நெளிந்தது. நான் வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன்.

உன் கொழுந்தன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். "என்ன அண்ணி, வீட்ல இருக்க முடியல. நாய் எதையாவது இழுத்துட்டு வந்திருக்கும்."

"நாய்க்குத் தையல் பிரிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "உன் கடை ஜன்னல்லேருந்து கொல்லை நல்லாத் தெரியுமே. யாராவது வந்ததப் பாத்தியாடி?"

பார்த்திருந்தேன். முந்தாநாள் காலையில் அந்த ஆள் வாளியோடு வந்ததையும், மூட்டைக்குப் பின்னால் குனிந்ததையும் பார்த்திருந்தேன். இப்போது அவர் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இல்லடி, நான் கவனிக்கல" என்றேன்.

நீ ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினாய். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் நழுவினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோப்புத்தூள் போட்டு அலசி அலசிக் கொடி முழுக்கக் காயப்போட்டாய். மறுநாள் நீயே திணித்து, கோணல்மாணலாக நீயே தைத்திருந்தாய். போட்டியில் நாலாவதாக வந்தாய். அதன் பிறகும் வெட்டுத்துணிக்கு என்னிடம்தான் வந்தாய். அந்தக் காலையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

போன ஐப்பசியில் பத்து நாள் காய்ச்சல். அவ்வளவுதான், போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் வில்லைச் சாத்தி மாலை போட்டிருந்தார்கள். பந்தியில் நின்றுகொண்டு அந்த ஆள் கண்ணைத் துடைத்தார். "அண்ணிக்கு அந்த மூட்டையக் கட்டிக் குடுத்ததே நாந்தாங்க. பொம்பளைன்னா அப்படி இருக்கணும்."

பிசைந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு நான் சொன்னேன்: "மூட்டை நானும் அவளும் கட்டினதுங்க. அதுல மீன் குடலத் திணிச்சதுதான் நீங்க. என் கண்ணால பாத்தேன்."

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "காரிய வீட்ல பேசற பேச்சாம்மா இது?" என்றார் ஒரு பெரியவர். அந்த ஆள் குனிந்து அடுத்த இலைக்கு அப்பளம் வைத்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரமே கடையைக் காலி செய்யச் சொன்னார். செய்தேன். இப்போது வீட்டு முன்னறையில் தைக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. இதற்காகவா அன்று பயந்தேன் என்று நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அளவு கொடுக்க வரும் பெண்கள், "உங்க தைரியம் யாருக்குங்க வரும்" என்கிறார்கள். கேட்கவே கூசுகிறது. ஆனாலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறேன். இன்றுவரை ஒருத்தியிடம்கூட நான் மறுத்துச் சொன்னதில்லை.