இடது முட்டி

வியாசர்பாடி
4-2-2024

அன்புள்ள அரசிக்கு,

வல்லு எழுதுகிறேன். நீ என் நம்பரை பிளாக் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. நேரில் வந்தால் நம் பெண் முன்னால் ஏதாவது உளறிவிடுவேன். அதனால்தான் போஸ்டாபீசில் போய் கவர் வாங்கினேன். கவுன்டரில் இருந்த அம்மா, "தம்பி, இன்னும் லெட்டர் எழுதுறியா?" என்று கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. நலமா? குழலிக்கு இருமல் நின்றதா? போன ஞாயிறு உன் பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா அக்கா அவளை இங்கே கொண்டுவந்து விட்டபோது சாயங்காலம் வரை இருமிக்கொண்டே இருந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எர்ணாவூர் யுனைடெட் ஃபுட்பால் டீமில் என்னை எடுக்கிறார்கள். ஆமாம், என்னைத்தான், முப்பத்துநாலு வயதில். டீம் செகண்ட் டிவிஷனுக்கு ஏறிவிட்டது, கோல் அடிக்க ஆள் இல்லை. செக்ரட்டரி பீம்ராவ் அண்ணன் நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு கேட்டுக்கே வந்துவிட்டார். "இன்னா வல்லு, லாரிக்கு சீட்டு கிழிச்சிகினே காலத்த ஓட்டப் போறியா? ஒரு சீசன் வந்து ஆடுபா. நீ சும்மா கோல் பக்கம் நின்னாலே ரெண்டு பேரு உன்னியே பாத்துகினு நிப்பானுங்க" என்றார். பத்து வருடத்துக்கு முன்னால் ஸ்டேட்டுக்கு ஆடியவனை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வலது முட்டிக்குப் புது எக்ஸ்ரே கேட்கிறார்கள். அவர்கள் டாக்டர் பார்த்து சரி என்றால்தான் கையெழுத்து. அந்த முட்டியின் கதை உனக்குத் தெரியும். இரண்டு ஆபரேஷன், மூன்று திருகு. இடது முட்டி எனக்கு ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. நீ உன் ஆஸ்பத்திரியில் இடது முட்டியைப் படம் எடு. இடதா வலதா என்று காட்ட ஓரத்தில் ஒரு ஈய எழுத்து வைப்பாயே, அதில் 'எல்'லுக்குப் பதில் 'ஆர்' வைத்துவிடு. அவ்வளவுதான். திருகையெல்லாம் கழற்றியாகிவிட்டது என்று பீம்ராவ் அண்ணனிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு எழுத்து, அரசி. வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

அன்புடன்,
வல்லு


திருவொற்றியூர்
9-2-2024

வல்லரசுவுக்கு,

குழலிக்கு இருமல் நின்றுவிட்டது. நானும் நலம்.

நீ கடிதம் எழுதியது நல்லதுதான். போனில் பேசினால் மறுநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பாய். இப்போது நீ கேட்டது உன் கையெழுத்திலேயே என்னிடம் இருக்கிறது.

நீ கேட்டதைச் செய்ய மாட்டேன். அந்த எழுத்தை நம்பித்தான் டாக்டர் எந்தக் காலில் கத்தி வைப்பது என்று முடிவு செய்கிறார். பதினோரு வருட சர்வீசில் அதை நான் ஒருமுறைகூட மாற்றி வைத்ததில்லை. மாற்றினால் எனக்கு வேலை போகும். அது உனக்குத் தோன்றவில்லை, பரவாயில்லை, வழக்கம்தான்.

இன்னொன்று. நான் வீட்டைவிட்டு வந்தது உன் முட்டியால் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. முட்டி போனபோது இரண்டு முறையும் கூடவே இருந்தேன். டபுள் டியூட்டி பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது முறை, சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மீஞ்சூரில் செவன்ஸ் ஃபுட்பால் ஆடப் போனாய். நாலு பேர் உன்னை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். அப்போதும் சித்தப்பா வீட்டுப் படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னாய், காலில் பூட்ஸோடு. அதற்குத்தான் வந்தேன்.

அன்புக்கரசி


வியாசர்பாடி
14-2-2024

அரசிக்கு,

பூட்ஸைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. யாரிடமும் இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

நான் ஏன் இவ்வளவு தவிக்கிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போன மாதம் குழலிக்கு என் பழைய கோல் ஒன்றை போனில் போட்டுக் காட்டினேன். நேரு ஸ்டேடியத்தில் அடித்தது, நீகூட மேலே உட்கார்ந்திருந்தாய். அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றாள். நான்தான் என்றேன். "சும்மா சொல்லாத" என்று சொல்லிவிட்டு கார்ட்டூன் போடச் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது. அவள் பார்த்த அப்பன், முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவன். நான் ஓடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருமுறை பார்க்கட்டும். அப்புறம் முட்டி எப்படிப் போனாலும் போகட்டும்.

எழுத்தை மாற்றச் சொன்னது தப்பு. உன் வேலையை நான் நினைக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. பீம்ராவ் அண்ணன் மார்ச் பத்துக்குள் படம் கேட்கிறார்.

வல்லு


திருவொற்றியூர்
19-2-2024

வல்லரசுவுக்கு,

27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா. எலும்பு டாக்டர் பவானி மேடம் இருப்பார்கள், அவர்களிடம் சீட்டு வாங்கு. எல்லோரையும் போல டோக்கன் போட்டு உட்கார். உள்ளே வந்து யாரிடமும் என் பெயரைச் சொல்லாதே.

இரண்டு முட்டியையும் நிற்கவைத்து எடுப்பேன். மேடம் எப்போதும் இரண்டையும்தான் கேட்பார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க. எழுத்துகள் அதனதன் இடத்தில் இருக்கும். அதற்குச் சம்மதமென்றால் வா.

பேண்ட் தொளதொளவென்று போட்டுக்கொண்டு வா.

அன்புக்கரசி


திருவொற்றியூர்
1-3-2024

வல்லரசுவுக்கு,

இதோடு இரண்டு படமும் வைத்திருக்கிறேன், மடங்காமல் பார்த்துப் பிரி. பவானி மேடம் உன்னிடம் பேசுவதற்குள் யார்டில் லாரி நிற்கிறது என்று ஓடிவிட்டாய். அவர்கள் சொன்னதை நான் கேட்டு எழுதுகிறேன்.

வலது முட்டி நன்றாக இருக்கிறது. நீயும் நானும் எதிர்பார்க்காத அளவுக்கு. மூன்று திருகும் வைத்த இடத்தில் இருக்கின்றன. இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒன்றரை வருடமாக நீ அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாய், அது தேறிவிட்டது.

இடதுதான் போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார், உட்பக்கம் இடைவெளியே இல்லை. எலும்பும் எலும்பும் உரசுகின்றன. வலது காலுக்கு வலி வந்தபோதெல்லாம் உடம்பு பாரம் முழுவதையும் இடது தாங்கியிருக்கிறது, பத்து வருடமாக. தொல்லை கொடுக்காததால் யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. தேய்ந்தது திரும்ப வளராதாம். ஓடினால் இன்னும் தேயும், நாற்பது வயதுக்குள் முட்டி மாற்ற வேண்டிவரும் என்றார்கள்.

எனக்கு எக்ஸ்ரே ரூமிலேயே சந்தேகம் வந்தது. நீ செருப்பைக் கழற்றும்போது வலது காலில் நின்றாய். முன்பெல்லாம் இடதில்தான் நிற்பாய்.

கவனித்தாயா, நீ சொன்னபடி எழுத்தை மாற்றியிருந்தால் கெட்டதை நல்லது என்று கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். டீம் கேட்டது வலது முட்டிப் படம். அது உண்மையான படம், தாராளமாகக் கொடுக்கலாம், கையெழுத்தும் போடுவார்கள். இடது முட்டிப் படத்தை யாரும் கேட்கவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். இதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்புக்கரசி


வியாசர்பாடி
8-3-2024

அன்புள்ள அரசிக்கு,

இரண்டு படத்தையும் கொடுத்தேன். முதலில் வலதை மட்டும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் மனசு கேட்கவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்து இடதையும் எடுத்துப் போனேன். இதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

பீம்ராவ் அண்ணன் இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருகைக் கழற்றியதாகச் சொன்னது பொய் என்றேன், இடது முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் அந்தப் படத்தை மட்டும் கவரில் போட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இன்னாபா நீ, கேட்டது ஒண்ணு, குடுக்கறது ரெண்டா? ஃபார்முல வலதுன்னுதான் கீது. இத்த வூட்ல வெய்யி" என்றார். கோச் காலித் பாய் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். வலதை அவர்கள் டாக்டரும் பார்த்து சரி என்றுவிட்டார், ஃபாரம் என் கையில் இருக்கிறது. கையெழுத்து போட்டால் 23-ஆம் தேதி முதல் மேட்ச்.

இன்னும் போடவில்லை.

வலது வலிக்கும்போதெல்லாம் இடது தாங்கியது, தொல்லை கொடுக்காததால் யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்தபோது எனக்கு முட்டி ஞாபகம் வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. நைட் டியூட்டி முடித்து வந்து எனக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் தூங்குவாய். உனக்கு எங்கே வலிக்கிறது என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் எந்த டீமுக்கும் உன்னைக் கேட்டுக்கொண்டு நான் கையெழுத்து போட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆடட்டுமா, வேண்டாமா?

வல்லு


திருவொற்றியூர்
13-3-2024

வல்லரசுவுக்கு,

உன் முட்டிக்கு உத்தரவு கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கேட்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

ஆடு. ஒரு மேட்ச் ஆடினால் கால் உடனே போய்விடாது என்று மேடம் சொன்னார்கள். எத்தனை மேட்ச், எத்தனை நிமிடம் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்து உனக்குப் பழக்கமில்லை.

23-ஆம் தேதி எனக்கு டியூட்டி. குழலியை அஜீசுன்னிசா அக்கா கூட்டிக்கொண்டு வருவார். நீ இடது படத்தையும் எடுத்துப் போனதை நம்புகிறேன்.

அன்புக்கரசி


வியாசர்பாடி
25-3-2024

அன்புள்ள அரசிக்கு,

நாலரை மணி மேட்ச். காலித் பாய் என்னைத் தொடக்கத்திலேயே இறக்கினார். கிரவுண்டைச் சுற்றி நல்ல கூட்டம், எண்ணூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். "வல்லு வந்துட்டாண்டா" என்று யாரோ கத்தினான். குழலி கோடு ஓரத்தில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோல் அடிக்கவில்லை. பத்தொன்பதாவது நிமிடம் ஒரு பந்து வந்தது, பழைய காலமாக இருந்தால் நானே திரும்பி அடித்திருப்பேன். இந்த முட்டியை வைத்துத் திரும்ப முடியாது என்று தெரிந்தது. பக்கத்தில் ஓடிவந்த பையனுக்குத் தட்டிவிட்டேன், அவன் அடித்தான், கோல். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன், இடது முட்டி உள்ளே உரசுவது காதில் கேட்பதுபோல இருந்தது.

இருபத்தாறாவது நிமிடம் நானே கையைத் தூக்கினேன். ஆளை மாற்றச் சொல்லி நான் கையைத் தூக்கியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. காலித் பாய்க்கே புரியவில்லை, தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து பாட்டிலை எறிந்தார். நடந்தே வெளியே வந்தேன். கூட்டத்தில் கொஞ்சம் பேர் கை தட்டினார்கள்.

குழலி என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாப்பா, அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்" என்றேன்.

அவள், "வேர்க்கடல வாங்கித் தர்றியா?" என்று கேட்டாள். மீதி மேட்சை மூன்று பேரும் கடலை தின்றுகொண்டே பார்த்தோம். இரண்டுக்கு ஒன்று, நாங்கள் ஜெயித்தோம். அன்று சாயங்காலமே பீம்ராவ் அண்ணனிடம் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார், "சர்தாம் போ" என்றார்.

அரசி, நான் இப்போது பொய் சொல்வதில்லை. ஐஸ் பையோடு உட்கார்ந்து யார் மேலும் எரிந்து விழுவதில்லை. இனிமேல் ஓட வேண்டிய இடமும் எனக்கு ஒன்றும் இல்லை. உங்களோடு இருக்க வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறேன். நீ எழுதும் பதிலுக்குக் காத்திருப்பேன், அதுவரை வர மாட்டேன்.

உன்,
வல்லு


திருவொற்றியூர்
2-4-2024

வல்லுவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தாமதத்துக்கு வேலை காரணமில்லை.

குழலி மேட்ச் கதையைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நீ ஒரு கோல் கூடுதலாக அடிக்கிறாய். நேற்று வரை நாலு. நான் திருத்தவில்லை.

நீ கையைத் தூக்கி வெளியே வந்தது எனக்கு சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். படித்துவிட்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வர வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. டியூட்டி முடிந்து நான் கதவைத் திறந்தால் இப்போது யார் முகத்தையும் பார்த்து, இன்றைக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருகிறேன். இது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ மாறிவிட்டாய் என்று நம்புகிறேன். நீ மாறினாலும் நான் இதைவிட்டு எழுந்துவர முடியாது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழலி எப்போதும்போல் வருவாள். நீ சம்மணம் போட்டு உட்காராதே, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். மாதம் ஒருமுறை பவானி மேடத்திடம் காட்டு. அப்போது என் பெயரைச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறைக்க விருப்பமில்லை. நீ முன்போலக் கேட்காமல் கொள்ளாமல் பையோடு வாசலில் வந்து நின்றிருந்தால், கதவைத் திறந்து தட்டு வைத்திருப்பேன், பழக்க தோஷத்தில். நீ கேட்டாய். கேட்டதால்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

அன்புக்கரசி