கோடு விழாத கட்டை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நான் கொஞ்சம் கோபத்தோடு சுகம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் முதலாளி இதற்குள் உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாளே என்று நீயும் பல்லைக் கடித்திருப்பாய். நடந்ததை என் வாயாலும் கேட்டுக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் படத்தை வாங்க என் அச்சறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், மை பட்ட ஸ்டூலில் தயங்காமல் உட்கார்ந்தார். அம்மா இஸ்திரி போடும் அந்தப் படத்தின் பன்னிரண்டு பிரதிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் நான் செய்த தப்பு உனக்குத் தெரியுமே. மரக்கட்டையில் நேராகச் செதுக்கினால் காகிதத்தில் இடம் வலமாக விழும் என்பதை, இருபது வருஷம் இதே பிழைப்பாக இருந்தும் மறந்து தொலைத்தேன். "இடது கைக்காரியை வலது கைக்காரியா ஆக்கிட்டியேடி" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வெட்கத்தோடு அவரிடம் சொன்னால், அவருக்கு ஒரே சந்தோஷம். "தப்பு இருந்தா இன்னும் மதிப்பு கூடும்" என்றார். இந்தக் கணக்கு எனக்கு இந்த ஜென்மத்தில் புரியாது.

பிறகு நீ எழுதியிருந்த நிபந்தனை. பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இனி நல்ல பிரதி எடுக்க முடியாதபடி அவர் கண்ணெதிரே உளியால் கட்டையின் குறுக்கே மூலைக்கு மூலை கோடு இழுக்க வேண்டும். கோடு விழுந்த கட்டையையும் ஒரு தடவை அச்செடுத்துச் சாட்சியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான், நானே எத்தனையோ கட்டைகளுக்குச் செய்திருக்கிறேன். கோடு முகத்தின் மேல்தான் போகும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். "கட்டைதானே, எனக்கா வலிக்கப் போகுது, இழு" என்றாள். உளியை எடுத்தும்விட்டேன்.

அப்போது தேநீர் கொண்டுவந்தது அம்மாதான். எதிரில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. படத்தைக் காட்டி, "இந்தம்மா யாருங்க? உங்க தம்பியைக் கேட்டேன், யாரோ கூலிக்கு வந்து நின்னவங்கன்னார்" என்றார். அம்மா தம்ளரை அவர் முன் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உளியைக் கீழே வைத்தேன். கோடு இழுக்காவிட்டால் இது வெறும் காகிதம் என்று அவர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். காகிதமாகவே இருக்கட்டும் என்றேன். பத்துப் பேர் வீட்டில் இருந்தால் கலை, நூறு பேர் வீட்டில் இருந்தால் காகிதமா? அப்படியானால் நான் கலைஞரே இல்லை, வெறும் அச்சுக்காரிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானமே மை குழைத்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்று கேட்டு ரொம்ப நாளாயிற்று. விற்கிற பிரதிகளுக்குப் போடுவதுபோல எண் எதுவும் போடவில்லை. எழுபதாவது பிரதியிலும் அம்மாவின் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன். ஒருத்தி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டி, அது ஈரத்தில் நெளிந்துபோனதால், இன்னொன்று கேட்டு வந்தாள். கொடுத்தேன். கட்டைதான் இருக்கிறதே!

உன் வேலைக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் பழியை என் மேல் போடு. அக்கா பிடிவாதக்காரி என்று சொல், அதில் பொய்யில்லை. அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவனுக்கு அங்க என்ன சங்கடமோ" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். சட்டம் போட வேண்டாம், நாலு ஆணி போதும். படுக்கையறையில் மட்டும் வேண்டாம், வருகிறவர்கள் கண்ணில் படும் சுவரில் அடி. யாராவது இது யார் என்று கேட்பார்கள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. கேட்டால் சொல்லிவிடு.

உன் அக்கா