தறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்

கோயமுத்தூர்
18.7.94

அன்புள்ள மகள் செவ்வந்திக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நர்ஸ் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. உன் தம்பி கதிர் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மீதியை உட்கார்ந்து படி. ஆஸ்பத்திரியில் மனநல வார்டு வராந்தா பெஞ்சில் இருந்துதான் எழுதுகிறேன், ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிகிறது, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அவனுக்குத் துரோகம் செய்துவிட்டேனாம்.

யாகூப் பாய் கடை போனில் நீ கூப்பிட்டாயே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நான் பாட்டுக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்து, பேச்சோடு பேச்சாக, ஆசையாக வாங்கின சைக்கிளைக்கூடத் தெருமுனை அங்கப்பனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான் என்றேன். உங்கப்பா அதற்கு, என்ற பையனுக்குக் கை தாராளம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். நீ மட்டும், ஆசைப்பட்டு வாங்கினதை அப்படிக் கொடுப்பது நல்லதுக்கில்லை என்றாய். அப்புறம் சொன்னாய், அம்மா, சாகலாம்னு நெனக்கறயான்னு அவன்கிட்ட நேராக் கேளு என்று. கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடாது, திட்டாதே, உனக்கு என்ன குறை என்று வாதாடாதே, பதில் வரும்வரை பொறு, தனியாக விடாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே என்று வரிசையாகச் சொன்னாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உனக்கென்ன, அங்கே ஊரார் பிள்ளைகளிடம் கேட்கிறாய், இது நான் பெற்றது. அதுவும் கடையில் பருப்பு வாங்க நிற்கிறவர்களுக்கு நடுவில் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் எப்படிக் கேட்பது? நம் வீட்டில் யார் மெதுவாகப் பேசியிருக்கிறோம், நீயே சொல். நாலு தறியும் ஓடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட உங்கப்பா கத்தித்தான் கேட்பார், ஆறுதலும் அதே கத்தல்தான். தறிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உனக்கு என்னடா கொறச்சல் என்று அவர் பாசமாகத்தான் கேட்டார், இவன் அடி விழுந்தமாதிரி ஒடுங்கிப்போனான். அந்தச் சத்தத்தில் இதை எப்படிக் கேட்பேன். மறுநாள் காலை இவன் அறுந்த இழையை முடிந்துகொண்டு நிற்கும்போது போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். உங்கப்பா ஓடிவந்தார். வெளியில் போய் உட்காருங்க, வாயத் தொறக்காதீங்க என்றேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். கண்ணு, செத்துப்போயரலாம்னு நெனக்கறயா என்று. தறி இல்லாமல் என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது. அவன் விரலில் ஒட்டின பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். என் வாயைப் பற்றித் தெரியுமே, சும்மா இருக்காது, முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆமாம்மா என்றான். இல்லை என்றுதான் சொல்வான் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேனடி. தறியாச்சும் நிக்குது, என்ற தலைக்குள்ள ஓடறது நிக்கவே மாட்டேங்குது, நான் இல்லீன்னா உங்களுக்கு நிம்மதி என்றான். அறையலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று தெரியவில்லை. இத்தன நாளும் ஒருத்தனாவே சொமந்திருக்கற கண்ணு என்று மட்டும் வந்தது. அது நீ சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் திமுதிமுவென்று ஆள் சத்தம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டு போனால் தெரு முழுக்க நிற்கும், ஒரே ஒரு வீட்டில் மட்டும் வேலைநாளில் தறி நின்றால் அது சாவுக்குத்தான் என்று நம் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அதை மறந்துபோட்டு அணைத்திருக்கிறேன். அங்கப்பன் அதே சைக்கிளில் வந்து இறங்குகிறார், பின்னால் பெண்கள், ஒருத்தி படியேறுவதற்குள்ளேயே மாரில் கை வைத்து அழத் தொடங்கிவிட்டாள். ஏனுங்க, யாருக்குங்க என்று அங்கப்பன் கேட்டது உள்ளே கேட்டது. கதிர் நிமிர்ந்து கதவைப் பார்த்தான். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அவனுக்கான சாவுக்கே ஆட்கள் வந்துவிட்டமாதிரி பார்த்தான். உங்கப்பா எல்லாவற்றையும் வெளியிலிருந்து கேட்டிருக்கிறார். எழுந்து நின்று, அவரிடம் நான் கேட்டேயிராத சன்னக் குரலில், ஒருத்தரும் சாகலீங்க, பையனுக்கு ஒடம்பு செரியில்லீங்க, போய்ட்டு வாங்க என்றார். வந்தவர்கள் திரும்பினார்கள். அங்கப்பன் சைக்கிளை நம் வீட்டுச் சுவரிலேயே சாத்திவிட்டு நடந்தே போனார்.

அப்புறம் அவன் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து என்னிடம் கொடுத்தான். என்னவென்று எழுத மாட்டேன். கொடுத்துவிட்டுக் கையை நீட்டினான், யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று அடித்துச் சத்தியம் பண்ணு என்று. நான் அடிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அது மட்டும் என்னால ஆகாது கண்ணு, டாக்டர்கிட்டச் சொல்லியே தீருவேன் என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். அன்றைக்கே வாடகைக் காரில் இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். அதோடு என்னிடம் பேச்சு நின்றது. இங்கே பத்மாவதி என்று ஒரு சிஸ்டர், எந்நேரமும் அவன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள். செரியாயிருமுங்களா என்று அவளைப் பிடுங்கியெடுத்தேன். இன்னைக்குப் பத்திரமா இருக்காருங்க, மாத்திரை கேக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமுங்க என்கிறாள், அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பொய் சொல்லவில்லையே என்று தோன்றியது. உன் பெரியம்மா கொடுமுடிக்குக் கூட்டிப்போய்ப் பரிகாரம் செய்யச் சொல்கிறாள். மாத்திரையோடு அதுவும் ஆகட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவளுக்கு வருத்தம்தான். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை செவ்வந்தி. அவன் புரண்டு படுத்தால்கூட எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

இன்று காலை இட்லியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தபடியே, தறி ஓடுதாம்மா என்று கேட்டான். இல்ல கண்ணு, அன்னைக்கு நிறுத்தினது, உங்கப்பா சும்மாதான் உட்கார்ந்திருக்கறார் என்றேன். ஓட்டச் சொல்லு, நின்னுட்டே இருந்தா ஆளுக வந்துட்டே இருப்பாங்க என்றான். உடனே யாகூப் பாய் கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அவனுக்கு ஒரு கடிதம் போடு, புத்தி சொல்லாதே, அங்கே என்ன சமைத்தாய் என்று எழுதினால் போதும். லீவு கேட்டு அடித்துப்பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம், தேவையென்றால் நானே கூப்பிடுவேன். இன்னொன்று. நீ தினமும் யார் யாரையோ இந்தக் கேள்வி கேட்கிறாய், அந்தத் தூரத்தில் ஒற்றையாக இருக்கிற உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள். நானே கேட்கிறேன். உனக்கும் அப்படி எப்போதாவது தோன்றுகிறதா கண்ணு? நல்லா இருக்கிறேன் என்று வழக்கம்போல எழுதித் தள்ளிவிடாமல் நேராகப் பதில் எழுது, எதுவானாலும் கோபிக்க மாட்டேன். மாசாணியாத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலை எதிர்பார்த்து,
அம்மா
கா. மாசாணியம்மாள்