புது ரொட்டி ஞாயிறும் அப்பாவின் பெஞ்சும்

அன்பு மகன் லெவென்தேவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பிரோஷ்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், ஹாம்பர்க் துறைமுகக் காற்றில் உன் நெஞ்சுச்சளி திரும்பாமல் இருக்கிறதா என்பதுதான் கவலை. பிளம் பறிக்க ஏறி விழுந்த என் மணிக்கட்டுக்குக் கட்டுப் பிரிக்கக் கொலோஷ்வார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அதுவரை இவள் கையெழுத்துதான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைப் பகிரும் புது ரொட்டித் திருவிருந்துக்கு நீ வருவாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தது நான்தான். நீ அப்படி எழுதவில்லை, நானே நினைத்துக்கொண்டேன், தப்பு என்னுடையது. பிப்ரவரியில் அப்பாவை அடக்கம் பண்ணியதிலிருந்து பாட்டுத் தொடங்குகிறவர் பெஞ்சு காலி. மற்ற ஞாயிறுகளில் போதகர் எப்படியோ இழுத்துவிடுவார், அன்றைய துதிச் சங்கீதத்தை மட்டும் நம் வீட்டார்தான் தொடங்கவேண்டும். துக்க வீட்டார் ஒரு வருஷம் கோவிலில் பாட வாய் திறக்கக்கூடாது, பெஞ்சுக்கு வரும் மகனுக்கு மட்டும் விலக்கு, எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ரொட்டி துணிக்குள் இருக்கிறது, சபை முழுக்க வாசலைப் பார்க்கிறது. பின்னால் பக்கத்து வீட்டு கத்தாலின், “கப்பல்காரன் இன்னும் நங்கூரம் தூக்கல போல” என்றது காதில் விழுந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை.

அப்போது பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. இவள்தான். இதை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைக்கிறாள், எழுதுடி என்றேன். கடையில் உப்புக் கேட்கவே வாய் வராதவள், பயத்தில் சுருதியை உச்சியிலே பிடித்துவிட்டாள். இரண்டு அடிவரை எல்லோரும் கூடவே ஏறினார்கள், மூன்றாவதில் ஒவ்வொருவராக உதிர்ந்து இவள் மட்டும் மேலே தனியாக நின்றாள். மூப்பர் மோசே மாமா, “ஏ புள்ள, ஏணியையும் எடுத்துட்டுப் போயிட்டியே, நாங்க எப்படி ஏறுறது?” என்றார், ஒரே சிரிப்பு. இவள் குரல் நடுங்கி நிற்கப் பார்த்தது. ஆறு மாதம் மூடியிருந்த என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது, கீழே பிடித்து முதலிலிருந்து தொடங்கினேன். மகிழ்ந்து பாடுகிற பாட்டுதான், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை, கத்தாலினும் கூடப் பாடினாள்.

“பாட்ட விட்டுட்டுப் போறவன் எனக்குப் பிள்ளையே இல்ல” என்று நீ ஊரை விட்டுக் கிளம்பின அன்று அப்பா சொன்னதை மனதில் வைத்துத்தான் நீ அடக்கத்துக்கும் வரவில்லை. ஆனால் கடைசி வாரம் மூச்சுக்கு நடுவே அவர் கேட்டது ஒன்றுதான், “அந்த ஊர்ல அவனுக்குப் பாட்டுத் தொடங்க ஆள் இருக்கா எஸ்தர்?” உன் மேல் இருந்த கோபத்தில் இதை எழுதாமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன், இருக்கிறதா ராசா?

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் நடத்துவார். கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. பெஞ்சுக்காக நீ வரவேண்டாம், மூப்பர்கள் அதை இவளுக்கே கொடுத்துவிட்டார்கள். வந்தால் பின்வரிசையில் நின்று கூடச் சேர்ந்துகொள், போதும். தாழப் பிடித்துப் பழகு என்று இவளிடம் தினமும் சொல்கிறேன், பாடாமல் கிடக்கிற உன் தொண்டைக்கும் எட்டவேண்டுமே.

உன் அம்மா,
எஸ்தர்