கான்ட்ராக்ட் கலரில் ஒரு கோட்டு

இன்று காலை ஈரோட்டிலிருந்து துணி பேல் வந்தது. சாக்கை அறுத்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. உனக்குப் பிடித்த வாசனை. இங்கே வரும்போதெல்லாம் வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுப்பாய், பிறகுதான் செருப்பைக் கழற்றுவாய். புதிதாகச் சேர்ந்திருக்கும் கட்டிங் மாஸ்டர் முதல் துணிச் சுருளை மேசையில் விரித்தார். சாம்பல் நிற டிரில். உன் கோட்டுத் துணி.

மாஸ்டர் ஆர்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் கவரைப்பேட்டையில் உன் வருஷ நினைவு ஜெபம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உன் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா, இவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சிட்டு ஒண்ணும் அனுபவிக்காம பூட்டா" என்றார். துக்க வீட்டில் எதிர்த்துப் பேசக்கூடாதென்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் சித்தி சொன்னது தப்பு. நீ அனுபவித்தாய். நான் கூட இருந்து பார்த்தவள்.

இரண்டு பேரும் எம்.காம். ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நான் பாதியில் விட்டேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பெண்கள் பெட்டியில் நைட்டி விற்றேன், பிறகு ஒரு தையல் மிஷின், பிறகு நாலு, இப்போது கம்பெனிகளுக்கு யூனிபார்ம். நீ பிஎச்.டி.க்குப் போனாய். நான் துணியைத் தூக்கிக்கொண்டு ஏறும் அதே வண்டியில் நீ அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவாய். என் சரக்கு பொன்னேரி வருவதற்குள் பாதி விற்றுவிடும். உன் சரக்கு சென்ட்ரல் வரை போய் அப்படியே திரும்பி வரும்.

உன் கைடைப் பற்றி நான் நல்லபடியாக எழுதப்போவதில்லை. கெட்டவர் கிடையாது. அவசரமே இல்லாதவர். நீ கொடுத்த அத்தியாயம் ஒரு செமஸ்டர் முழுக்க அவர் மேசையில் கிடக்கும். கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார். அதற்குள் அவருடைய விடைத்தாள்களை நீ திருத்திக் கொடுத்திருப்பாய், அவருடைய கருத்தரங்கத்துக்கு நாற்காலி எண்ணியிருப்பாய். எனக்கு எரியும். எந்தக் கம்பெனிக்காரனாவது என் சாம்பிளை இப்படிப் போட்டு வைத்திருந்தால் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். உனக்கு அந்த வசதி இல்லை. கையெழுத்துப் போடும் பேனா அவரிடம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உனக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலை, வருஷத்துக்கு வருஷம் பார்த்துப் புதுப்பிப்பார்கள். முதல் நாளே வாட்ச்மேன் உன்னை நிறுத்தி ஐ.டி. கார்டு எங்கே பாப்பா என்று கேட்டார். ஸ்டாஃப் ரூமில் உனக்குப் பாதி மேசை. மீதிப் பாதியில் யாரோ ஒருவருடைய ரெக்கார்டு நோட்டுகள். நடத்த வேண்டிய பாடத்தை ரயிலில் நின்றபடியே படித்துக்கொண்டு போவாய். கடைசி பெஞ்சு வரை கேட்கவேண்டுமென்று கத்திக் கத்தி, சாயந்திரம் என்னிடம் வரும்போது தொண்டையில் காற்றுதான் வரும். உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு, "எனக்கு வகுப்பு எடுக்க வரலடி. நான் பேசறேன், அதுங்க என்னைத் தாண்டி செவுத்தப் பாக்குதுங்க" என்பாய்.

பிறகு சர்க்குலர் வந்தது. பெண் ஆசிரியர்கள் எல்லாரும் புடவை மேல் சாம்பல் நிறக் கோட்டு போடவேண்டும், அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் எச்.ஓ.டி. அண்ணா நகரிலிருந்து காரில் வருபவர். அவருக்குச் சாம்பல் ஒரு நிறம், அவ்வளவுதான். நம் பக்கத்தில் அப்படியா? கம்பெனி யூனிபார்மில் கருநீலம் என்றால் பர்மனென்ட், சாம்பல் என்றால் கான்ட்ராக்ட். சிப்காட் பஸ்ஸில் உட்கார இடம் கொடுப்பதுகூட நிறத்தைப் பார்த்துத்தான். கவரைப்பேட்டையில் தெருவுக்குத் தெரு கொடியில் சாம்பல் காயும்.

நீ வந்து என் அலமாரியில் மிச்சமிருந்த சாம்பல் டிரில்லைத் தொட்டாய். இதில் தைத்துக் கொடு என்றாய்.

"இது வேணாம்டி. கான்ட்ராக்ட் கலரு. உன் க்ளாஸ்ல பாதிப் புள்ளைங்களோட அம்மா இதத்தான் போட்டுக்கினு போவுது. பாத்ததும் சிரிக்கும்."

"எங்கம்மாவும் இதத்தான் போட்டுக்கினு போச்சி. அதில்லாம நான் மட்டும் இன்னா பர்மனென்ட்டா?"

அளவெடுத்தேன். உள்பக்கம் பெரிதாக ஒரு பாக்கெட் வேண்டும் என்றாய். லேடீஸ் கோட்டுக்குப் பாக்கெட் கிடையாது என்றேன். ஏன் கிடையாது என்று கேட்டாய். வைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நீ வகுப்பில் நுழைந்ததை நீயே நடித்துக் காட்டினாய். முதல் பெஞ்சு உன் கோட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்ததாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மிஸ், எந்த ஷிப்ட்டு?"

வகுப்பே சிரித்தது. நீ சாக்பீஸை மேசையில் வைத்தாய்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. நான் பஞ்ச் பண்ணிட்டேன். நீங்க பண்ணீங்களா?"

சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தாயாம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் "பஞ்ச் பண்ணிட்டேன் மிஸ்" என்றார்களாம். அதற்கப்புறம் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. அழுதாயா என்று கேட்டேன். "அழ எங்கடி நேரம், பீரியடு ஓடிக்கினு கீது" என்றாய். அன்று உன் தொண்டையில் குரல் மிச்சமிருந்ததை நான் கவனித்தேன்.

வகுப்பு கைக்குள் வந்தது. ஆனால் வேலை நிலைக்குமா என்பது வேறு கதை. கல்லூரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால், டாக்டர் பட்டம் வாங்கிய வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம். பல்கலைக்கழகமும் இதுதான் கடைசி நீட்டிப்பு என்றது. உன் ஆராய்ச்சியோ கான்ட்ராக்ட் பெண்கள் சம்பளத்தை எப்படிச் சேமிக்கிறார்கள் என்பது. அவர்கள் உட்கார்ந்து பதில் சொன்னால்தானே ஆராய்ச்சி? ஃபைலைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்பாய். "சர்வேவா? ஆள வுடும்மா, பஸ்ஸு பூடும்" என்று நகர்ந்துவிடுவார்கள். கம்பெனியே வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்தவர்களும் உண்டு. பதில்கள் போதுமான அளவு சேராமல் கையெழுத்து இல்லை என்று கைடு சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு உடனே முடிவெடுக்க வந்தது.

நீ பாதியில் நின்றுபோய்விடுவாய் என்று நான் உண்மையாகவே பயந்த மாதங்கள் அவை. என் கடையிலேயே கணக்கு எழுத உன்னை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததோடு சரி, வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நீ வந்திருப்பாய்.

ஒருநாள் கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை. முடிய நேரமாகிவிட்டதால் கோட்டைக் கழற்றாமலே நேராகக் கேட்டுக்குப் போனாய். டீக்கடையில் ஓர் அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, எந்தக் கம்பெனி லைனு நீ?"

"காலேஜ் லைனு அக்கா. வாத்தியாரு. நானும் கான்ட்ராக்ட்டுதான்."

சிரித்துவிட்டு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாராம். டீச்சருக்கும் கான்ட்ராக்ட்டா என்று பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்களாம். எவ்வளவு தருகிறார்கள், போனஸ் உண்டா, லீவு போட்டால் பிடிப்பார்களா என்று முதலில் அவர்கள்தான் உன்னைக் கேள்வி கேட்டார்கள். நீ ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அவர்கள் சம்பளம் உன்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்ததும் ஒருத்தி உனக்கு வடை வாங்கிக் கொடுத்தாளாம். அப்புறம்தான் நீ ஃபைலைத் திறந்தாய். எதற்கு என்று விளக்கினாய். அவர்களும் ஆரம்பித்தார்கள்: சீட்டு எங்கே கட்டுகிறார்கள், புருஷனுக்குத் தெரியாமல் எங்கே வைக்கிறார்கள் என்று. "டப்பு கைல நின்னாதானே சேக்கறதுக்கு" என்று ஆந்திரா பக்கத்து அம்மா ஒருத்தி சொன்னதை நீ அப்படியே எழுதிக்கொண்டு வந்தாய். அதிலிருந்து தினமும் கோட்டோடுதான் கேட்டுக்குப் போனாய். உன் மாணவிகள் இரண்டு பேர் தங்கள் அம்மாக்களையே அழைத்து வந்தார்கள். எந்த ஷிப்ட்டு என்று கேட்டவனும் அவன் பெரியம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

அங்கேதான் பாக்கெட் விவகாரமும் வந்தது. உனக்கு மட்டும் எப்படி உள்பாக்கெட் என்று கேட்டார்களாம். நீ என்னிடம் வந்து கத்தினாய். போனை எங்கே வைப்பார்கள், பஸ் காசை எங்கே வைப்பார்கள், மாத்திரையை எங்கே வைப்பார்கள், நீயும் ஒரு பொம்பளைதானே என்று. கம்பெனி கொடுக்கும் ரேட்டுக்கு அதெல்லாம் கட்டாது, பார்க்கலாம் என்றேன்.

"என் கைடு மாதிரியே பேசறடி."

அதைவிட நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். மூலையில் கிடந்த, வெட்டி மிஞ்சிய கட் பீஸ் மூட்டையைக் காலால் தள்ளி, "இத்த எடைக்குத்தானே போடற. இதுல தை" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூல் செலவு மட்டும்தான் வந்தது.

தீசிஸ் போனது. வைவா வந்தது. கடையை மூடிவிட்டு நானும் உன் அம்மாவும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டார். ஒரு கேள்வி மட்டும் எனக்குப் புரிந்தது: இந்தப் பெண்களை எப்படிப் பேசவைத்தாய்? நீ குனிந்து, பையிலிருந்து அந்தக் கோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாய். உன் அம்மா என் தொடையைக் கிள்ளினார். முடிந்ததும் உன் கைடு எழுந்து உன்னை டாக்டர் என்று கூப்பிட்டார். அவரை நான் அன்றே மன்னித்துவிட்டேன். பாதி.

மறுநாள் என் பட்டறைக்கு வந்து, பிரிக்காத பேல் மேல் படுத்தாய். நாலு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாய். தைக்கும் பெண்கள் சாப்பிடப் போய் வந்தும் நீ எழவில்லை. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு மனுஷி அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்கே தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

சித்திக்குத் தெரியாதது அதற்குப் பிறகுள்ள இரண்டு வருஷம். உன்னை நிரந்தரமாக்கினார்கள். லோக்கலில் பாடம் படிப்பதை நிறுத்தி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாய். விடைத்தாளை என் கடையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே திருத்தினாய், நன்றாக எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினாய், எனக்குப் புரியாவிட்டாலும். ஞாயிறு சர்ச் முடிந்ததும் பழவேற்காட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்து சமைத்துக் கருக்கினாய். எந்தக் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் ஒரு பொம்பளை எப்படி நடப்பாள் என்று அப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் குதிகாலைத் தூக்கி நடந்தாய்.

பர்மனென்ட் ஆனதற்கு நான் கருநீலத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டு வந்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தாய், கழற்றினாய். "பசங்களுக்கு அடையாளம் தெரியாம பூடும்டி" என்று சொல்லிவிட்டுப் பழையதையே போட்டுக்கொண்டாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். நாஷ்டா இறங்கவில்லை என்று போனில் சொன்னாய். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அழுதேன், இன்னமும் சில நாள் அழுகிறேன். ஆனால் அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் கிடக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இது மூன்று வருஷம் முன்னதாகவே வந்திருந்தால், நீ கேட்டில் நின்றுகொண்டே போயிருப்பாய். அப்படி நடக்கவில்லை.

உன்னைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் உன் அம்மா கோட்டோடு என்னிடம் வந்தார். உன் மாணவர்கள் வாசல் நிறைய நின்றிருந்தார்கள்.

"இத்த மேல போட்டு உடலாமாம்மா? எப்பவும் போட்டுக்கினே இருந்திச்சே."

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஷிப்ட்டு முடிஞ்சிச்சிம்மா. கோட்டு எதுக்கு? நல்ல பொடவையா கட்டி அனுப்பு."

வைவாவுக்கு நீ கட்டிய பட்டுப் புடவையையே உனக்குக் கட்டிவிட்டார்.

கோட்டு இப்போது கட்டிங் மேசைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கும்பிட வைக்கவில்லை, அளவுக்கு வைத்திருக்கிறேன். உன் தோள் அகலம் நம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்குச் சரியாக வருகிறது.

மாஸ்டர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். காலையில் கேட்டதையே மறுபடி கேட்கிறார்: "லேடீஸ் கோட்டுக்குப் பாக்கெட்டு ஆர்டர்ல இல்லியேம்மா, வெக்கணுமா?" பார்க்கலாம் என்று சொல்லும் பழக்கத்தை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. ஆணியிலிருந்து உன் கோட்டை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இதே அளவு, கட் பீஸில் என்று சொல்லிவிட்டேன். வெட்ட ஆரம்பித்துவிட்டார்.